புகைவண்டியும் ஆக்காடியும்

புனே நகரில் குடியேறியுள்ள தமிழர் வீட்டுக் குழந்தைகள் ரயிலுக்கு இரண்டு பெயர்களைக் கேட்டு வளர்கின்றனர். பாட்டி சொல்லும் கதையில் அது 'புகைவண்டி'. அண்டை வீட்டு மராத்தியப் பாட்டியின் வாயில் அதுவே 'ஆக்காடி'. மராத்தியில் 'ஆக்' என்பது நெருப்பு. 'காடி' என்பது வண்டி. ஒரே பொருளைக் கண்ட இரண்டு மக்களுள் ஒருவர் அதன் வயிற்றில் எரிந்த நெருப்பைப் பார்த்துப் பெயரிட்டனர். மற்றவர் அதன் தலைக்கு மேல் எழுந்த புகையைப் பார்த்துப் பெயரிட்டனர். நெருப்பில்லாமல் புகையாது என்பது நம் முன்னோர் வாக்கு. ஆகவே இரண்டு பெயர்களும் உறவுடையனவே.

இன்று புனே நிலையத்தில் வந்து நிற்கும் வண்டிகளில் பெரும்பாலானவற்றை மின்சார எஞ்சின்களே இழுத்து வருகின்றன. அவற்றில் நெருப்பும் இல்லை, புகையும் இல்லை. பெயர்கள் மட்டும் எஞ்சியுள்ளன. அரசாங்கக் காகிதங்களை ஒரு மொழியிலிருந்து மற்றொரு மொழிக்கு மாற்றுவதையே தொழிலாகக் கொண்ட நமக்கு இத்தகைய சொற்களைக் காணும்போது ஒரு கேள்வி எழுவதுண்டு. பெயருக்குக் காரணமாயிருந்த அந்த நெருப்பு எங்கே போயிற்று? அதை வளர்த்துக் காத்த கைகள் எங்கே போயின? புனே வழியாக ஓடிய எஞ்சின்களின் வரலாற்றைச் சற்றே பின்தொடர்ந்தால் இவ்விரு கேள்விகளுக்கும் விடை கிடைக்கும்.

இந்தியாவின் முதற் பயணி ரயில் 1853-ஆம் ஆண்டு ஏப்ரல் 16-ஆம் நாள் மும்பையிலிருந்து தாணே வரை 34 கிலோமீட்டர் தூரம் ஓடியது. அதனை இழுத்த மூன்று நீராவி எஞ்சின்களுக்கு சாகிப், சிந்து, சுல்தான் என்று பெயர். கிரேட் இந்தியன் பெனின்சுலா ரயில்வே என்னும் கம்பெனி அந்தப் பாதையை அமைத்தது. கம்பெனியின் நோக்கம் தாணேயோடு நிற்பதன்று. தக்காணத்துப் பருத்தி மும்பைத் துறைமுகத்தை அடைய வேண்டும். நடுவிலோ சஹ்யாத்திரி மலை மதில்போல் நின்றது.

மலைக்கு மேலே கண்டாலாவிலிருந்து புனே வரையிலான பாதை 1858-ஆம் ஆண்டிலேயே திறக்கப்பட்டுவிட்டது. மலைக்குக் கீழேயும் பாதை அடிவாரம் வரை வந்துவிட்டது. இடையில் உள்ள போர்காட் என்னும் கணவாய்க்கு மட்டும் பாதை இல்லை. ஆதலின் அக்காலத்தில் மும்பையிலிருந்து புனேக்குப் பயணம் செய்தவர்கள் அடிவாரத்தில் ரயிலை விட்டு இறங்கி, பல்லக்கிலும் மட்டக்குதிரையிலும் மாட்டு வண்டியிலும் மலையேறி, மேலே மறுபடியும் ரயிலில் அமர்ந்தனர். இந்த நிலை ஐந்தாண்டுகள் நீடித்தது.

ஜேம்ஸ் ஜான் பெர்க்லி என்னும் தலைமைப் பொறியாளர் வகுத்த திட்டப்படி போர்காட் பாதை 1863-ஆம் ஆண்டில் நிறைவேறியது. ஏறத்தாழ 25 கிலோமீட்டர் நீளத்தில் அது 1,831 அடி உயரம் ஏறுகிறது. இருபத்தைந்து குகைகள் குடையப்பட்டன. மிகச் செங்குத்தான இடத்தில் 37 அடி முன்னே சென்றால் ஓர் அடி மேலே ஏற வேண்டும். நடந்து செல்வோருக்கு இந்த ஏற்றம் ஒரு பொருட்டன்று. இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தின்மீது உருளும்போதோ இதுவே மலைப்பான ஏற்றமாகிவிடுகிறது. வழுக்கலே ரயிலின் வலிமை. ஏற்றத்தில் அதுவே அதன் பலவீனம்.

இந்தப் பணியை ஏற்றுக்கொண்ட ஒப்பந்தக்காரர்களுள் சாலமன் டிரெட்வெல் என்பவர் 1859-இல் இங்கு வந்து சேர்ந்த சில வாரங்களுக்குள் நோயால் மாண்டார். அவர் மனைவி ஆலிஸ் டிரெட்வெல் ஊர் திரும்பாமல், பொறியாளர் இருவரை அமர்த்திக்கொண்டு ஒப்பந்தத்தைத் தாமே நடத்தி முடித்தார். அவர் பெயர் வரலாற்றில் நிற்கிறது. ஆனால், வேலை உச்சத்திலிருந்த 1861-ஆம் ஆண்டில் ஒரே சமயத்தில் 42,000 பேர் அந்த மலையில் உழைத்தனர். கயிற்றில் தொங்கிக்கொண்டு பாறையில் துளையிட்டவர்கள், வெடிமருந்து வைத்தவர்கள், கூடையில் கல்லும் மண்ணும் சுமந்த பெண்கள் ஆகியோருள் பல்லாயிரவர் வாந்திபேதியாலும் காய்ச்சலாலும் விபத்தாலும் மடிந்தனர். அவர்களுடைய பெயர்களை நாம் அறியோம். நம் எஞ்சின்கள் எல்லாம் அவர்கள் வெட்டிய வழியிலேயே ஏறின என்பதை மட்டும் அறிவோம்.

இனி அந்த நீராவி எஞ்சினைக் கவனிப்போம். கொள்கை மிக எளிது. சோற்றுப்பானை கொதிக்கும்போது மூடியைத் தள்ளும் ஆவியே ரயிலையும் தள்ளுகிறது. கரி எரியும் அடுப்பு ஒரு புறம். அதிலிருந்து புறப்படும் அனற்காற்று, கொதிகலனுக்குள் நீண்டு கிடக்கும் குழாய்களின் வழியே பாய்ந்து சுற்றிலுமுள்ள தண்ணீரைக் கொதிக்க வைக்கிறது. அடைபட்ட ஆவி உருளைக்குள் புகுந்து பிஸ்டனை முன்னும் பின்னும் தள்ள, அதனோடு இணைந்த தண்டுகள் சக்கரத்தைச் சுழற்றுகின்றன. வேலை முடித்த ஆவி புகைபோக்கி வழியே வெளியேறும்போதுதான் அந்தக் 'குப்... குப்...' என்னும் ஒலி பிறக்கிறது. வெளியேறும் ஆவியே அடுப்புக்குள் காற்றையும் இழுத்துவிடுகிறது. ஆகவே எஞ்சின் எவ்வளவு கடுமையாக உழைக்கிறதோ அவ்வளவுக்கு அதன் நெருப்பும் கொழுந்துவிட்டு எரியும்.

கொள்கை எளிது; உழைப்பு எளிதன்று. நாடு விடுதலை பெற்ற பின் அகலப் பாதையில் ஓடிய பெரிய எஞ்சின்கள் பத்து டன்னுக்கு மேற்பட்ட கரியையும் இருபதினாயிரம் லிட்டருக்கு மேற்பட்ட தண்ணீரையும் டெண்டர் என்னும் பின்வண்டியில் சுமந்து சென்றன. அந்தக் கரியை வாருகோலால் அள்ளி அள்ளி நெருப்பில் இட்டவர்கள் பயர்மேன்கள். ஒரு டிரைவருக்கு இரண்டு பயர்மேன்கள் துணை. கரியை அடுப்பின் எந்த மூலையில், எவ்வளவு கனத்தில், எப்போது வீச வேண்டும் என்பது ஒரு கலை. நடுவில் குவித்துவிட்டால் நெருப்பு மூச்சுத் திணறும். ஓரத்தில் ஓட்டை விழுந்தால் குளிர்காற்று புகுந்து ஆவி குன்றும். முகத்துக்கு நேரே உலை. முதுகுக்குப் பின்னே மழைக்காற்று. குகைக்குள் நுழைந்தால் வெளியேற வழியில்லாத புகை முழுவதும் அவர்கள் மூக்கிலும் கண்ணிலும்தான் போய் நிற்கும்.

போர்காட்டில் மற்றொரு சங்கடமும் இருந்தது. மலையின் அமைப்புக் காரணமாகப் பாதையை ஒரே போக்கில் கொண்டு செல்ல இயலவில்லை. கண்டாலாவுக்கு அருகே வண்டியை ஒரு மூலையில் நிறுத்தி, எஞ்சினைக் கழற்றி மறு முனையில் பூட்டி, திசை மாற்றிப் புறப்பட வேண்டியிருந்தது. சதுரங்கக் குதிரையைப் போல் வளைந்து வளைந்துதான் ரயில் மலை ஏறிற்று.

1871-ஆம் ஆண்டு நம்மவர்க்கு முக்கியமான ஆண்டு. மும்பையிலிருந்து புனே, தௌண்டு, சோலாப்பூர் வழியாக ராய்ச்சூர் வரை வந்த பாதையும், சென்னையிலிருந்து அரக்கோணம் வழியாக வடமேற்கே சென்ற பாதையும் அவ்வாண்டில் ஒன்றோடொன்று கை கோத்தன. சென்னை மெயில் ஓடியது இந்த வழியில்தான். கட்கியிலும் கோர்படியிலும் ராஸ்தா பேட்டையிலும் இன்று வாழும் தமிழ்க் குடும்பங்களுள், இராணுவ அலுவலகத்துக்கும் வெடிமருந்துத் தொழிற்சாலைக்கும் ரயில்வேக்கும் வேலை தேடி வந்த பாட்டனாரை உடையவை பல. அவர்களுள் பெரும்பாலோரை இங்கே கொண்டுவந்து சேர்த்தது அந்தக் கரி எஞ்சின்தான். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் மீரஜ் வழியாகத் தெற்கே செல்லும் மீட்டர் பாதையும் புனேயை வந்தடைந்தது. அகலப் பாதையும் மீட்டர் பாதையும் சந்திக்கும் ஊராயிற்று புனே.

அடுத்த மாறுதல் மலையிலிருந்தே வந்தது. செங்குத்தான ஏற்றமும், குகைப் புகையும், கரிச் செலவும் சேர்ந்து, மின்சாரத்தை நாடும்படி கம்பெனியைத் தூண்டின. 1925-ஆம் ஆண்டு பிப்ரவரி 3-ஆம் நாள் மும்பைக்கும் குர்லாவுக்கும் இடையே இந்தியாவின் முதல் மின்சார ரயில் ஓடியது. 1929-ஆம் ஆண்டில் மின்கம்பி மலை ஏறிப் புனேயை அடைந்தது. அப்போதே கணவாய்ப் பாதையின் மேற்பகுதி திருத்தி அமைக்கப்பட்டு, எஞ்சினைக் கழற்றித் திசை மாற்றும் பழைய நிலையம் கைவிடப்பட்டது. மறு ஆண்டு ஜூன் முதல் நாள் 'டெக்கன் குவீன்' என்னும் விரைவு வண்டி மின்சார எஞ்சினோடு மும்பைக்கும் புனேக்கும் இடையே ஓடத் தொடங்கியது.

இங்கு ஒரு செய்தியை நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டும். இந்தப் பாதைக்கு வேண்டிய மின்சாரத்தை ஆக்குவதற்காக ரயில்வேயே கலியாணுக்கு அருகில் சோளா என்னும் இடத்தில் ஒரு மின்நிலையம் அமைத்தது. அங்கே எரிந்தது எது? அதே நிலக்கரிதான். அங்கும் தண்ணீர் கொதித்தது. அங்கும் ஆவி தள்ளியது. எஞ்சினின் வயிற்றிலிருந்த நெருப்பு அணைந்துவிடவில்லை. அது வண்டியை விட்டு இறங்கி ஓரிடத்தில் அமர்ந்துகொண்டு, கம்பி வழியாகத் தன் ஆற்றலை மட்டும் மலைமேல் அனுப்பியது. பயணிகளின் கண்ணுக்கு அது தெரியவில்லை, அவ்வளவே.

1929-இல் புனேயை அடைந்த மின்கம்பி தெற்கு நோக்கி மேலே செல்லவில்லை. மலை ஏற்றத்திலும் மும்பைப் புறநகரிலும் மின்சாரத்துக்குச் செலவிட்ட பணம் விரைவில் திரும்பியது. சமவெளியில் வண்டிகளின் எண்ணிக்கை அத்துணை இல்லை. ஆகவே ஏறத்தாழத் தொண்ணூறு ஆண்டுகள் புனே ஓர் எல்லைப்புற ஊராக விளங்கியது. மும்பையிலிருந்து வந்த வண்டியின் மின்சார எஞ்சினை இங்கே கழற்றினார்கள். தெற்கே செல்வதற்கு வேறு எஞ்சினைப் பூட்டினார்கள். பயணிகள் அந்த இடைவேளையில் இறங்கித் தேநீர் பருகினர். கூஜாவில் தண்ணீர் பிடித்தனர். கொக்கி மாட்டும் அதிர்ச்சியில் வண்டி ஒருமுறை குலுங்கினால் 'இனி நம் ஊர்ப் பக்கம்' என்று அறிந்துகொண்டனர். நீராவிக் காலத்தில் அந்தக் குலுக்கலுக்குப் பின் சாளரத்தின் வழியே கரித்தூளும் கண்ணில் வந்து விழும்.

விடுதலைக்குப் பின் நீராவி எஞ்சின்களை நாமே செய்யத் தொடங்கினோம். மேற்கு வங்கத்துச் சித்தரஞ்சன் தொழிற்சாலையில் 1950-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் முதல் எஞ்சின் வெளிவந்தது. தேசபந்து சித்தரஞ்சன் தாஸின் நினைவாக அதற்குத் 'தேசபந்து' என்று பெயர் சூட்டினர். 1972 வரை அங்கே 2,351 நீராவி எஞ்சின்கள் உருவாயின. ஆயினும், அவை உருவாகிக்கொண்டிருந்த நாளிலேயே டீசல் எஞ்சின் வாசலில் வந்து நின்றது.

டீசல் எஞ்சினிலும் நெருப்பு உண்டு. அது உள்ளடங்கிய நெருப்பு. உருளைக்குள் காற்றை மிகக் கடுமையாக அழுத்தினால் அது தானே சூடேறுகிறது. அந்தச் சூட்டில் எண்ணெயைத் தூவினால் தீக்குச்சி இல்லாமலே பற்றிக்கொள்கிறது. இந்த எரிப்பினால் சுழலும் இயந்திரம் நேரே சக்கரத்தை இயக்குவதில்லை. அது ஒரு ஜெனரேட்டரைச் சுழற்றி மின்சாரம் ஆக்க, அந்த மின்சாரம் சக்கரங்களின் அச்சுகளிலுள்ள மோட்டார்களை இயக்குகிறது. ஆகவே நாம் டீசல் எஞ்சின் என்று சொல்வது, தன் மின்நிலையத்தைத் தானே முதுகில் சுமந்து செல்லும் மின்சார எஞ்சின் என்றே கொள்ளலாம். நத்தை தன் வீட்டைச் சுமப்பது போல.

அமெரிக்காவின் ஆல்கோ கம்பெனியின் அமைப்பைக் கொண்டு வாரணாசித் தொழிற்சாலையில் 1964 முதல் டீசல் எஞ்சின்கள் செய்யப்பட்டன. 'டபிள்யூ.டி.எம்.2' என்று குறிப்பிடப்படும் அந்த வகை பதினாறு உருளைகளும் 2,600 குதிரைத்திறனும் உடையது. புனேயைச் சேர்ந்த கோர்படியில் டீசல் எஞ்சின்களுக்கென ஒரு பெரிய பணிமனை எழுந்தது. 1971-இல் மீரஜ் வரையிலான மீட்டர் பாதையும் அகலப் பாதையாயிற்று. மெல்ல மெல்லப் புனேயிலிருந்து தெற்கே செல்லும் மெயில்களைக் கரி எஞ்சினுக்குப் பதிலாக டீசல் இழுத்துச் சென்றது.

இந்த மாற்றத்தால் விளைந்த நன்மையைக் குறைத்துச் சொல்வது நேர்மையன்று. நீராவி எஞ்சினைப் புறப்படத் தயார் செய்யவே பல மணி நேரம் வேண்டும். வழியில் அடிக்கடி தண்ணீர் எடுக்க வேண்டும். சாம்பல் தள்ள வேண்டும். கட்டிப்பட்ட கசடை உடைக்க வேண்டும். எரித்த கரியின் ஆற்றலில் பத்தில் ஒரு பங்குகூட இழுப்புக்குப் பயன்படாமல் பெரும்பகுதி வானத்துக்கே போயிற்று. டீசலில் இந்தத் தொல்லைகள் பெரிதும் நீங்கின. எல்லாவற்றினும் மேலாக, உலையின் முன் நின்று மனிதன் வெந்துகொண்டிருக்க வேண்டிய அவசியம் நீங்கிற்று. நீராவி எஞ்சினின் கூவலை நினைந்து உருகுவோர் பலர் உண்டு. அவர்கள் அந்த எஞ்சினைப் பெரும்பாலும் நடைமேடையிலிருந்து பார்த்தவர்கள். வாருகோல் பிடித்துக் கை காய்த்தவர் எவரும் தம் மகனும் அதே வேலைக்கு வர வேண்டும் என்று விரும்பியிருப்பாரா என்பது ஐயமே.

ஆயினும் ஒரு நட்டமும் உண்டு. அது எஞ்சினின் நட்டமன்று, அறிவின் நட்டம். நெருப்பின் நிறத்தைப் பார்த்தே ஆவியின் அழுத்தத்தைச் சொல்லும் கண், தண்டின் ஓசையைக் கேட்டே எந்தத் திருகு தளர்ந்துள்ளது என்று கூறும் செவி, இவையெல்லாம் புத்தகத்தில் எழுதப்பட்டவை அல்ல. மூத்தவர் இளையவருக்குக் கைமுறையாகக் கற்பித்தவை. 1995-ஆம் ஆண்டு டிசம்பரில் பஞ்சாபில் ஜலந்தருக்கும் பிரோஸ்பூருக்கும் இடையே ஓடிய வண்டியோடு அகலப் பாதையில் நீராவியின் அன்றாடப் பணி முடிவுற்றது. அந்த அறிவுக்கும் அன்று வேலை போயிற்று.

டீசலின் ஆட்சியும் நிலைக்கவில்லை. 2017-இல் மின்கம்பி புனேயைக் கடந்து தௌண்டை எட்டியது. அடுத்த சில ஆண்டுகளில் சோலாப்பூரையும் கடந்து தெற்கே இணைந்தது. புனேயின் எல்லைப்புறப் பெருமை முடிந்தது. இன்று மும்பையில் பூட்டிய மின்சார எஞ்சினோடே வண்டி சென்னை வரை செல்ல இயலும். ஆனால், கர்ஜத்தில் இன்றும் மலை ஏறும் பல வண்டிகளின் பின்னால் துணை எஞ்சின்களைப் பூட்டித் தள்ளுகின்றனர். எஞ்சின் எத்தனை முறை மாறினாலும் மலை மாறவில்லை, ஏற்றமும் மாறவில்லை.

எஞ்சின் மாற்றும் ஊரைக் காண விரும்பும் தமிழர்கள் இப்போது நம் குன்னூருக்குச் செல்லலாம். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை நீலகிரி ரயிலை நீராவி எஞ்சின் பின்னாலிருந்து தள்ளி ஏற்றுகிறது. அங்கே ஏற்றம் பன்னிரண்டரை அடிக்கு ஓர் அடி. போர்காட்டைவிட மூன்று மடங்கு கடுமை. ஆதலின் தண்டவாளங்களுக்கு நடுவே பற்சட்டம் பதித்து, பற்சக்கரத்தால் அதனைப் பற்றிப் பற்றி ஏறுகிறது. குன்னூரில் அதனைக் கழற்றிவிட்டு உதகை வரை டீசல் எஞ்சின் இழுத்துச் செல்கிறது. அந்த நீராவி எஞ்சின்களைப் பழுது பார்ப்பதோடு, அதே வகையில் புதியனவும் நம் திருச்சிப் பொன்மலைத் தொழிற்சாலையில் செய்யப்பட்டுள்ளன. ஓர் இயந்திரத்தைக் காப்பாற்ற வேண்டுமானால் அதைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்தால் போதாது; அதை இயக்கும் கைத்திறனையும் உயிரோடு வைத்திருக்க வேண்டும் என்பதற்கு பொன்மலை சான்று.

நெருப்பு எங்கே போயிற்று என்று தொடக்கத்தில் கேட்டோம். அது எஞ்சினிலிருந்து இறங்கி மின்நிலையத்துக்குச் சென்றது. இன்றும் நம் நாட்டின் மின்சாரத்தில் பெரும்பகுதி நிலக்கரியிலிருந்தே பிறக்கிறது. சூரியனும் காற்றும் அந்த இடத்தைப் பெறும் நாள் வரையில் நம் மின்சார ரயிலும் ஓரளவுக்கு 'ஆக்காடி'யே. புகை நம் கண்ணைக் கரிக்கவில்லை என்பதால் யாருடைய கண்ணையும் கரிக்கவில்லை என்று எண்ணிவிடலாகாது. சுரங்கத்தின் அருகிலும் மின்நிலையத்தின் அருகிலும் வாழ்வோர் இருக்கின்றனர்.

கைகள் எங்கே போயின என்னும் கேள்விக்கு விடை நம் அருகிலேயே இருக்கக்கூடும். புனேயிலும் தௌண்டிலும் சோலாப்பூரிலும் பொன்மலையிலும் அரக்கோணத்திலும் கரி எஞ்சினில் பணி புரிந்து ஓய்வு பெற்ற முதியோர் இன்னும் சிலர் வாழ்கின்றனர். அவர்களுள் இளையவருக்கும் வயது எழுபதை ஒட்டியிருக்கும். போர்காட்டை வெட்டியவர்களின் பெயர்களை எழுதி வைப்பார் இல்லாமல் அவை மறைந்தன. அந்தக் குறையை நாம் இனித் தீர்க்க இயலாது. அந்தப் பாதையில் நெருப்பு வளர்த்தவர்களின் சொற்களையோ இன்றும் கேட்கலாம்; எழுதி வைக்கலாம். நம் குடியிருப்பில், நம் உறவினருள், நம் தமிழ்ச் சங்கத்தில் அப்படி ஒருவர் இருப்பின், ஒரு மாலைப் பொழுதில் அவரருகில் அமர்ந்து, வாருகோலை எப்படிப் பிடித்தார், குகைக்குள் எப்படி மூச்சு விட்டார், அந்த எஞ்சினின் உறுப்புகளைத் தமக்குள் என்னென்ன பெயர் சொல்லி அழைத்தார்கள் என்று கேட்டுக் குறித்துக்கொள்வோமாக. அகராதிகளில் இல்லாத சொற்கள் அவர்கள் வாயில் இருக்கும். எஞ்சின் போன பின்பும் சொல் நின்றால், அதற்குக் காரணமான உழைப்பும் மறக்கப்படாமல் நிற்கும்.